கடன் வாங்கிய அசை

சேந்தமங்கலம் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்துக் கட்டுத்தரை. சில வருஷங்களுக்கு முன்னால், கால்நடை மருத்துவரான நண்பர் ஒருவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போயிருந்தேன். அந்த வீட்டில் இரண்டு நாள் முன்பு காதுகுத்து. பந்தி முடிந்து மிஞ்சிய சோற்றைக் கொட்ட மனசு வராமல் கலப்பினப் பசுவுக்கு ஒரு பெரிய அண்டா நிறைய வைத்துவிட்டார்கள். மாடு வழித்துத் தின்றது. மறுநாள் காலை எழுந்திருக்கவில்லை.

"அசையே போட மாட்டேங்குதுங்க. சாணியும் கழிசலாப் போவுதுங்க" என்றார் அந்த அம்மா.

முதல் நாளே நண்பர் வந்து சோடா உப்பைக் கரைத்து ஊற்றி, வயிற்றின் புளிப்பை முறித்து, நரம்பில் குளுக்கோஸும் உப்புநீரும் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். நான் பார்த்தது இரண்டாம் நாள். மாடு எழுந்து நின்றது, ஆனால் தீவனத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நண்பர் அதன் இடது விலாவுக்குப் பின்னாலுள்ள குழிவில் முஷ்டியை அழுத்தி வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். நல்ல மாட்டுக்கு நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை பெருவயிறு அலைபோல எழும்பிக் கையைத் தள்ளும். மூன்று நிமிஷம் ஆயிற்று. ஒன்றுமில்லை.

"புளிப்பு போயிடுச்சு. ஆனா உள்ள ஆளே இல்ல" என்றார்.

அந்த அம்மாவிடம் இன்னொரு பசு இருந்தது. சோற்று விருந்தில் பங்கு கிடைக்காத பசு. நிழலில் படுத்துக் கண்ணை அரைவாசி மூடி அசை போட்டுக்கொண்டிருந்தது. அதை எழுப்பி, வாயில் ஒரு தடுப்பை வைத்து, தொண்டை வழியாக ரப்பர் குழாயை இறக்கி, கைப்பம்பால் நாலு லிட்டர் போலப் பெருவயிற்று நீரை இறைத்தார். பச்சையும் பழுப்பும் கலந்த நிறம். புதுசாக வெட்டிய புல்லும் சாணியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறிவிடாமல் வெந்நீர் வாளிக்குள் போசியோடு வைத்து, அடுத்த அஞ்சு நிமிஷத்துக்குள் நோயாளிப் பசுவின் வயிற்றில் அதே மாதிரி குழாயும் புனலும் வைத்து ஊற்றிவிட்டார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஒரு மாட்டின் வயிற்றில் இருந்ததை இன்னொரு மாட்டின் வயிற்றுக்கு மாற்றினார், அவ்வளவுதான்.

மாட்டின் பெருவயிறு ஒரு டிரம் கொள்ளும் புளிப்புத் தொட்டி. அதன் ஒரு மில்லி நீரில் ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். கூடவே லட்சம் முதல் பத்து லட்சம் வரை, மயிர்க்கால்களை அடித்து நீந்தும் ஒருசெல் உயிர்கள். வைக்கோலையும் சோளத்தட்டையும் மாடு செரிப்பதில்லை. மாட்டுக்குள் குடியிருக்கும் இந்தக் கூட்டம் செரிக்கிறது. மாடு அவற்றின் கழிவையும் கடைசியில் அவற்றையுமே தின்று வாழ்கிறது. திடீரென்று ஒரு அண்டா சோறு வந்து விழுந்தால், மாவுச்சத்தை விழுங்கி லாக்டிக் அமிலம் கக்கும் சில வகைகள் மட்டும் தலைகால் தெரியாமல் பெருகுகின்றன. புளிப்பு ஏறுகிறது. மற்றவை அந்த அமிலத்தில் வெந்து சாகின்றன. சோடா உப்பு அமிலத்தை முறிக்கும். செத்துப்போன ஊரை அது திரும்பக் கட்டாது. அதற்கு ஆள் வேண்டும். பக்கத்து வயிற்றிலிருந்து ஆள் கூட்டி வந்தார் நண்பர்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சுவீடன் நாட்டுக் குடியானவர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே நல்ல மாட்டின் வாயிலிருந்து அசையைப் பிடுங்கி, அசை மறந்த மாட்டின் வாயில் திணித்திருக்கிறார்கள். பாக்டீரியா என்ற சொல்லே பிறக்காத காலம் அது. இன்று நாமக்கல் மோகனூர் சாலையிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இது பாடத்தில் உள்ள விஷயம். கால்நடை மருத்துவர் எவருக்கும் இதில் அருவருப்பும் கிடையாது, ஆச்சரியமும் கிடையாது.

மனித மருத்துவம்தான் இந்த வரிசையில் கடைசியாக வந்து நின்றது. அதற்கு முன்னால் கோழி வந்துவிட்டது.

நாமக்கல்லில் கோழியைப் பற்றிப் பேசாமல் குடலைப் பற்றிப் பேச முடியாது. இந்தச் சமவெளியின் முட்டைக்கோழிப் பண்ணைகளிலிருந்து தினமும் கோடிக்கணக்கில் முட்டைகள் லாரி ஏறுகின்றன. அந்த முட்டையை இடும் கோழி எப்படிப் பிறந்தது என்று யோசித்துப் பாருங்கள். குஞ்சு பொரிப்பகத்தில் 21 நாள். முதல் 18 நாள் ஒரு இயந்திரத்தில், கடைசி மூன்று நாள் இன்னொன்றில். முட்டை ஓடு மருந்துப் புகையில் கிருமி நீக்கப்பட்டது. ஓட்டை உடைத்து வெளியே வரும் குஞ்சு பார்க்கும் முதல் முகம் பிளாஸ்டிக் தட்டு. ஊசி போட்டு, நூறு நூறாக அட்டைப்பெட்டியில் அடுக்கி, வேனில் பண்ணைக்கு. தாய்க்கோழி என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

நாட்டுக்கோழி அடை காத்த குஞ்சின் கதை வேறு. அம்மாவின் இறக்கைக்குள்ளேயே அழுக்கு தொடங்குகிறது. இரண்டாம் நாளே குப்பைமேட்டுக்குப் போகிறது. தாய் கிளறிய இடத்தில் கொத்துகிறது, தாயின் எச்சத்தையும் சேர்த்தே கொத்துகிறது. வாரம் ஒன்றாவதற்குள் அதன் குடலில் நூறு வகைக் குடித்தனங்கள் வந்து சேர்ந்துவிடும். பொரிப்பகக் குஞ்சின் குடல், கதவைத் திறந்துபோட்ட காலி வீடு. முதலில் யார் நுழைகிறார்களோ அவர்களுக்கே சொந்தம். நுழைவது சால்மொனெல்லாவாக இருந்தால்?

1971-ல் பின்லாந்தின் கறிக்கோழிப் பண்ணைகளில் அதுதான் நடந்தது. தீவன மூலப்பொருள் வழியாக சால்மொனெல்லா இன்ஃபாண்டிஸ் என்ற கிருமி பரவியது. எஸ்கோ நுர்மி என்ற கால்நடை ஆராய்ச்சியாளர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வளர்ந்த கோழிக்குத் தொற்று ஏற லட்சக்கணக்கில் கிருமி தேவை. ஒரு நாள் குஞ்சுக்கோ பத்துக்கும் குறைவான கிருமிகளே போதும். குஞ்சுக்கு என்ன இல்லை? வளர்ந்த கோழியின் குடலில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கூட்டம் இல்லை. நுர்மியும் அவருடைய சகா ரன்டாலாவும் வளர்ந்த சேவலின் தீனிப்பையிலும் குடலிலும் இருந்ததை எடுத்து, கரைத்து, பிறந்த குஞ்சுகளின் வாயில் விட்டார்கள். பிறகு சால்மொனெல்லாவைக் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலான குஞ்சுகளிடம் அது வேர் பிடிக்கவில்லை. 1973-ல் 'நேச்சர்' இதழில் இது கட்டுரையாக வந்தது.

இதிலிருந்து பின்லாந்தில் 1987 முதல் 'பிராய்லாக்ட்' என்ற தயாரிப்பு விற்பனைக்கு வந்தது. 1998-ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., 29 வகை பாக்டீரியாக்களை வளர்த்துக் கலந்த 'பிரீஎம்ப்ட்' என்ற திரவத்தை அனுமதித்தது. குஞ்சுகளின் மேல் தெளிப்பார்கள். குஞ்சுகள் ஒன்றின் இறகை மற்றொன்று கொத்தும்போது உள்ளே போய்விடும். தாய்க்கோழியின் எச்சத்தைச் சுத்தமான புட்டியில் அடைத்து, ஸ்பிரேயரில் ஊற்றி அடித்தார்கள் என்று இதைச் சொன்னால் அந்த நிறுவனங்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் நடந்தது அதுதான்.

இப்போது மனிதனுக்கு வருவோம். ராசிபுரத்தில் ஒரு பெரியம்மாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது எழுபது. முழங்கால் அறுவைசிகிச்சை, மருத்துவமனையில் பத்து நாள். அங்கே சிறுநீர்த் தொற்று வந்து பலமான ஆன்டிபயாட்டிக் ஏற்றுகிறார்கள். கால் சரியாகி வீட்டுக்கு வந்த மறுவாரம் வயிற்றுப்போக்கு தொடங்குகிறது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை, காய்ச்சலோடு. மாத்திரை கொடுத்தால் நிற்கிறது. மாத்திரை முடிந்த பத்தாம் நாள் மறுபடி. மறுபடி மாத்திரை, மறுபடி நிற்கும், மறுபடி வரும். பெரியம்மா எலும்பும் தோலுமாகிறார்.

இதற்குக் காரணமான கிருமியின் பெயரிலேயே அதன் குணம் இருக்கிறது: கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலி. 1935-ல் பிறந்த குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்ட ஹால், ஓடூல் என்ற இருவரும், ஆய்வகத்தில் வளர்க்கப் பெரும்பாடு படுத்தியதால் 'கடினமானது' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். (2016-ல் பெயரின் முன்பாதியை கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் என்று மாற்றினார்கள், முரட்டுத்தனம் மாறவில்லை.) இது பெருங்குடலைப் புண்ணாக்கும் நோயின் காரணம் என்று உறுதியானது 1978-ல்தான்.

இதன் தந்திரம் வித்து. நிலைமை சரியில்லை என்றால் கெட்டியான ஓட்டுக்குள் சுருண்டுகொள்ளும். ஆன்டிபயாட்டிக் ஓட்டுக்குள் போகாது. ஆஸ்பத்திரி வாசலில் தொங்கும் சானிடைசரும் அதை ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். குடலுக்குள் போன வித்து, முளைக்கலாமா என்று முடிவெடுக்கச் சுற்றிலும் ருசி பார்க்கிறது. நம் கல்லீரல் சுரக்கும் பித்த உப்புகளில் ஒரு வகை அதற்கு 'முளை' என்று சொல்லும். ஆரோக்கியமான குடலில் கிளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் அந்தப் பித்த உப்பை வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. மாறிய பித்தம் இந்தக் கிருமியின் வளர்ச்சியை அடக்கிவிடும். பெரியம்மாவுக்குக் கொடுத்த ஆன்டிபயாட்டிக், சிறுநீர்க் கிருமியோடு சேர்த்து இந்தக் காவல்காரர்களையும் கொன்றுவிட்டது. இனி முளைக்கத் தடை சொல்ல ஆளில்லை.

இதற்குக் கொடுக்கும் மருந்து வான்கோமைசின். போர்னியோ காட்டிலிருந்து ஒரு மதபோதகர் அனுப்பிய பிடி மண்ணில் இருந்த நுண்ணுயிரிடமிருந்து வந்த மருந்து. ஆரம்பத்தில் அழுக்கு நிறத்தில் இருந்ததால் அதைத் தயாரித்தவர்களே 'மிசிசிப்பிச் சேறு' என்று கேலி பேசினார்கள். முளைத்த கிருமியை அது கொல்லும். கூடவே, தப்பிப் பிழைத்திருந்த நல்லவற்றையும் கொல்லும். வித்துகள் மட்டும் ஓட்டுக்குள் காத்திருக்கும். மருந்தை நிறுத்தியதும் காலி வீட்டில் முதலில் எழுந்திருப்பது அவைதான். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்பி வருகிறது. ஒருமுறை திரும்பியவருக்கு மறுபடி திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடுதல். சோடா உப்பு மட்டும் கொடுத்து நிறுத்திக்கொண்ட மாட்டு வைத்தியம் மாதிரி.

வான்கோமைசின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1958-ல். அதே 1958-ல், டென்வர் நகரத்தின் அறுவை மருத்துவர் பென் ஐஸ்மேனும் கூட்டாளிகளும் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் குடல் புண்ணாகிச் சாகக் கிடந்த நாலு நோயாளிகளுக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து எனிமாவாகக் கொடுத்தார்கள். நாலு பேரும் தேறினார்கள். எந்தக் கிருமி என்றுகூட அப்போது சரியாகத் தெரியாது. ஆன்டிபயாட்டிக் அழித்ததைத் திரும்ப வைக்க வேண்டும் என்ற ஒரே யோசனைதான் அவர்களிடம் இருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு வழிகள் திறந்தன. மருத்துவ உலகம் சேற்றில் பிறந்த மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டது, மலத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சீனாவில் நாலாம் நூற்றாண்டிலேயே கே ஹோங் என்ற வைத்தியர், கடும் பேதிக்கு மலக்கரைசலைக் குடிக்கக் கொடுத்ததை எழுதி வைத்திருக்கிறார். அவருடைய அதே கைநூலில் இருந்த மாசிப்பச்சை வகைச் செடி ஒன்றைப் பற்றிய குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் தூ யூயூ மலேரியா மருந்து கண்டுபிடித்து 2015-ல் நோபல் வாங்கினார். இதைச் சொன்னவுடன் நம்மூரில் ஒருவர் எழுந்து, பஞ்சகவ்வியத்தில் எல்லாம் இருக்கிறது என்பார். இருக்கட்டும். ஆனால் மாட்டுக் குடலின் குடித்தனக்காரர்கள் வேறு, மனிதக் குடலின் குடித்தனக்காரர்கள் வேறு. ஆடும் மாடும் அசையைக் கடன் கொடுத்து வாங்கலாம், இரண்டும் ஒரே வகை வயிறு. நமக்கு நம் வகையில்தான் கடன் வாங்க வேண்டும்.

நுர்மியின் கோழிக் கட்டுரைக்குச் சரியாக நாற்பது வருஷம் கழித்து, 2013 ஜனவரியில், நெதர்லாந்து மருத்துவர்கள் மனிதர்களிடம் செய்த சோதனை 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. நோய் திரும்பத் திரும்ப வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். மூக்கு வழியாகச் சிறுகுடலுக்குக் குழாய் இறக்கி, கொடையாளியின் மலக்கரைசலைப் பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமானார்கள். மீதி மூவருக்கு வேறொரு கொடையாளியிடமிருந்து இரண்டாம் தடவை கொடுத்ததில் இருவர் தேறினார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர் நாலு பேர். வான்கோமைசினோடு குடலையும் கழுவிவிட்ட 13 பேரில் மூன்றே பேர். இந்தக் கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். குடலைச் சுத்தம் செய்வதால் குணம் வருவதாக இருந்தால் அந்தப் பதின்மூன்று பேரும் அல்லவா முதலில் தேறியிருக்க வேண்டும்? வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால், மருந்துக் குழுவில் மேலும் ஆள் சேர்ப்பது நியாயமில்லை என்று சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அதே 2013-ல்தான் நம் நாடாளுமன்றம் மனிதக் கழிவை மனிதர் கையால் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. இந்தச் சிகிச்சையைப் பற்றி நான் கூட்டங்களில் பேசும்போது 'சீ' என்று முகம் சுளிக்காதவர் அபூர்வம். சாணி மெழுகிய வாசலில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தான். மஞ்சள் தோட்டத்துக்குக் கோழி எருவை டிராக்டர் கணக்கில் விலை பேசி இறக்குகிறவர்கள்தான். அருவருப்பு பொருளில் இருந்தால் எல்லா எச்சத்துக்கும் ஒரே அளவில் வந்திருக்க வேண்டும். அதைத் தொடும் வேலையைத் தலைமுறை தலைமுறையாக யார் தலையில் கட்டினோமோ, அந்தக் கணக்கும் இந்தச் சுளிப்புக்குள் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது.

சிகிச்சை நடக்கும் விதம் சமையலறைக்கு அதிகம் தூரமில்லை. ஐம்பது கிராமோ அதற்கு மேலோ மலம், உப்புநீர், ஒரு மிக்சி, ஒரு வடிகட்டி. உடனே கொடுக்கலாம், கிளிசரால் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்தும் கொடுக்கலாம். மூக்குக் குழாய், பெருங்குடல் உள்நோக்கி, எனிமா, கேப்சூல் என்று வழிகள் பல. போய்ச் சேர வேண்டியது குடல்தான்.

எல்லா வீட்டிலும் மிக்சி இருக்கிறதே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். வெளிநாடுகளில் அப்படிக் கிளம்பியவர்கள் உண்டு. கடினமான வேலை மிக்சியில் இல்லை, கொடையாளியைத் தேடுவதில் இருக்கிறது. 2012-ல் பாஸ்டன் பகுதியில் 'ஓப்பன்பயோம்' என்ற லாபநோக்கற்ற மல வங்கி தொடங்கியது. ரத்த வங்கி மாதிரிதான். ஆனால் அங்கே கொடையாளியாக விண்ணப்பித்தவர் நூறு பேரில் மூவர்கூடத் தேறவில்லை. எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை வைரஸ்கள், குடற்புழுக்கள், சமீபத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாட்டிக், உடல் பருமன், குடும்பத்தில் நீரிழிவு என்று கேள்விகள் நீண்டன. வேறோரிடத்தில் ஒரு கேள்வி விட்டுப்போயிற்று. 2019 ஜூனில் எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. எதிர்ப்புச் சக்தி குறைந்த இரண்டு நோயாளிகளுக்கு, மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கொடையாளியின் மலத்தோடு சேர்ந்தே போய்விட்டது. ஒருவர் இறந்தார். அந்தக் கொடையாளிக்கு எந்த நோயும் இல்லை. அவர் குடலில் அந்த ஈ.கோலை சாதுவாகக் குடியிருந்தது. மருந்துக்கு அடங்காத கிருமி இருக்கிறதா என்று அந்த மலத்தைச் சோதிக்கவில்லை.

இந்த இடத்தில் நம்மூர்க் கணக்கு உறுத்துகிறது. 2010-ல் 'லான்செட்' குழும இதழில் வந்த ஒரு கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கார்பாபெனம் மருந்துகளையே உடைத்துப்போடும் என்.டி.எம்.-1 என்ற நொதியைச் சுமந்த கிருமிகளைச் சென்னையில் 44 மாதிரிகளிலும் ஹரியானாவில் 26 மாதிரிகளிலும் அந்தக் குழு காட்டியது. நொதியின் பெயரில் டெல்லி இருக்கிறதே என்று அப்போது நாடே கொந்தளித்தது. கிருமியைவிடப் பெயருக்குத்தான் அதிகம் கோபப்பட்டோம். மெடிக்கல் ஷாப்பில் சளிக்கும் வயிற்றுவலிக்கும் நாமே கேட்டு வாங்கி, பாதியில் நிறுத்தும் மாத்திரைகள் ஒருபக்கம். தீவனத்தில் கலக்கப்படும் மருந்து இன்னொரு பக்கம். ஐரோப்பாவில் கோழிகளுக்கு வளர்ச்சிக்காகக் கொடுத்த அவோபார்சின் என்ற மருந்து வான்கோமைசினின் பங்காளி. அந்தக் கோழிகளின் குடலில் வான்கோமைசினுக்கே அடங்காத கிருமிகள் வளர்ந்ததைக் கண்டுதான் 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்தது. இந்தியாவில் கோலிஸ்டினைக் கோழி உள்ளிட்ட உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுப்பதை 2019 ஜூலையில் மத்திய அரசு தடைசெய்தது. அதுவும் மனிதனுக்குக் கடைசிக் கையிருப்பாக இருந்த மருந்து.

ஆக, குடலில் ஆள் குடியேற்றலாம் என்று சோதனையில் காட்டிய அதே கோழிப்பண்ணை, குடியேற்ற நல்ல ஆள் கிடைக்காமல் போனதற்கும் ஒரு காரணம். பண்ணையாளரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. முட்டை விலையில் பத்துக் காசு ஏறினால் முகம் சுளிக்கும் நாமும் அந்தத் தீவனத்தில் மருந்து கலந்தவர்கள்தான்.

இந்தியாவில் மலக்கரைசல் சிகிச்சை வேறு நோய்களின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது. லூதியானாவின் தயானந்த் மருத்துவக் கல்லூரியில் அஜித் சூத் குழுவினர், பெருங்குடல் புண் நோய் தணிந்த நிலையிலிருந்த 61 பேரிடம் எட்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்து பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். 48 வாரத்துக்குப் பிறகு, மலக்கரைசல் பெற்ற 31 பேரில் 27 பேரும் போலிக் கரைசல் பெற்ற 30 பேரில் 20 பேரும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் இது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தபோது தெரிந்த ஆறுதல்தான் கொஞ்சம் உறுதியானது. டெல்லியில் கல்லீரல் மற்றும் பித்த அறிவியல் நிறுவனத்தில் சிரியக் ஆபி பிலிப்ஸ், எஸ்.கே. சரின் ஆகியோர், குடியால் கல்லீரல் வெந்து ஸ்டீராய்டும் கொடுக்க முடியாத எட்டு ஆண்களுக்கு ஏழு நாள் தொடர்ந்து கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பின் ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள். முந்தைய பதிவுகளிலிருந்து ஒப்பிட்ட 18 பேரில் பிழைத்தவர் ஆறு. எட்டுப் பேரை வைத்து ஊருக்கு வைத்தியம் சொல்ல முடியாது. டாஸ்மாக் கடை வரிசையைப் பார்க்கும் நமக்கு அந்த எட்டுப் பேரைக் கவனிக்காமல் இருக்கவும் முடியாது.

நம் பக்கத்தில் இதே யோசனை வேறு கோணத்தில் முளைத்தது. ஆளைக் குடியேற்றுவதற்குப் பதில், இருக்கிற ஆளுக்குச் சோறு போட்டால் என்ன? வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் காலராவுக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மக்காச்சோள மாவைக் கலந்தார்கள். மாவு பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியா அதைத் தின்று சிறுகொழுப்பு அமிலங்களைத் தருகிறது. அந்த அமிலங்களைப் பெருங்குடல் உறிஞ்சும்போது உப்பும் தண்ணீரும் கூடவே உள்ளே போகின்றன. பேதி சீக்கிரம் நின்றது. 2000-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்ன'லில் வந்த கட்டுரை இது. நாமக்கல் தீவன ஆலைகளில் மூட்டை மூட்டையாக இறங்கும் மக்காச்சோளத்துக்கு இப்படியொரு உறவுக்காரர் உண்டு என்று நான் சொன்னபோது ஒரு தீவன வியாபாரி நம்பவே இல்லை.

பழைய சோறு போதாதா என்று கேட்பீர்கள். நீராகாரத்தில் இருக்கும் லாக்டிக் பாக்டீரியாக்கள் நல்லவைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சந்தைக்கு வந்துபோகிறவர்கள். வருவார்கள், வியாபாரம் செய்வார்கள், பொழுது சாய்ந்தால் கிளம்பிவிடுவார்கள். பெரியம்மாவின் குடலுக்குத் தேவை, வீடு கட்டி உட்காரும் காற்றாகாத வகைகள். காற்றுப் பட்டால் செத்துப்போகும் அவற்றைத் தயிரிலோ பழைய சோற்றிலோ வளர்க்க முடியாது. அவை கிடைக்கும் ஒரே கடை இன்னொரு மனிதக் குடல்.

அந்தக் கடைக்குப் போகாமல் தப்பிக்கத்தான் இப்போது போட்டி. 2022 நவம்பரில் எஃப்.டி.ஏ. 'ரெபையோட்டா' என்ற எனிமாவையும், 2023 ஏப்ரலில் 'வௌஸ்ட்' என்ற கேப்சூலையும் அனுமதித்தது. இரண்டுமே கொடையாளி மலத்திலிருந்து வருபவை; கேப்சூலில் மற்றதையெல்லாம் ஆல்கஹாலால் அழித்துவிட்டு நல்ல வகைகளின் வித்துகளை மட்டும் விட்டுவைக்கிறார்கள். எதிரியின் ஓட்டுத் தந்திரத்தையே திருப்பிப் போட்ட வேலை. மலமே இல்லாமல், ஆய்வகத்தில் தனித்தனியாக வளர்த்த எட்டு வகைகளைக் கலந்த 'விஇ303' என்ற கலவை இரண்டாம் கட்டச் சோதனையைத் தாண்டியிருக்கிறது. கோழிக்கு 1998-லேயே 29 வகை கிடைத்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

சேந்தமங்கலத்துப் பசு மூன்றாம் நாள் காலையில் சோளத்தட்டைக் கடித்தது, மதியத்துக்குள் அசை போட்டது என்று நண்பருக்குப் போன் வந்தது. முந்தின நாள் நாங்கள் கிளம்பும்போதே அந்த அம்மாவுக்கு அந்த மாட்டைப் பற்றிய கவலை போயிருந்தது, இன்னொன்றைப் பற்றி வந்திருந்தது.

"ஏனுங்க டாக்டரு, நாலு லிட்டரு எடுத்துப்போட்டீங்களே, இந்த மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?"

"சாயங்காலம் வழக்கம்போலத் தண்ணி காட்டுங்கம்மா. விடியறதுக்குள்ள ரொம்பிரும்."

அவர் நம்பாமல் போய் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். குழாய் போட்டு இறைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அது மறுபடி நிழலில் படுத்து, விட்ட இடத்திலிருந்து அசை போட்டுக்கொண்டிருந்தது.